மணி ஊசிக்கு எந்த வரி எண்? அமெரிக்க இறக்குமதியில் மூன்று வழிகளின் ஒப்பீடு

800 டாலர் மதிப்புக்கு உட்பட்ட சரக்குகளுக்கு அமெரிக்கா அளித்துவந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அதுவரை வரி எண்ணைப் பற்றி யோசிக்கவே தேவையில்லாதிருந்த சிறு வணிகர்கள் பலர், இப்போது ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எண் குறிக்க வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். கைவினைப் பொருள் விற்பவர்களுக்கு இதில் அதிகமாகக் குழப்பம் தரும் பொருள்களில் ஒன்று மணி கோக்கும் ஊசி. பொருள் மிகச் சிறியது, விலையும் குறைவு. ஆனால் அதற்கு உரிய எண் எது என்ற கேள்வி, அதைத் தையல் ஊசியாகக் கொள்வதா, தையல் ஊசியைப் போன்ற வேறொரு கருவியாகக் கொள்வதா என்பதில் போய் நிற்கிறது. அமெரிக்க இறக்குமதி வரி அட்டவணையில் இந்த இரண்டுக்கும் வரி வேறு வேறு.

இதில் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் ஸ்டட்லியில் இருந்த தாய் நிறுவனத்தின் கிளையாக 1949-இல் பதிவான நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம், நீலகிரியின் கேத்தியில் ஊசிகளைச் செய்துவருகிறது. ‘போனி’ என்ற அதன் பெயர் பொறித்த ஊசிகளை வெளிநாட்டுக் கைவினைக் கடைகளிலும் காணலாம். ஆரி வேலை பரவியபின் இங்கிருந்து மணி, சமிக்கி, நூல், ஊசி என்று சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விலைப்பட்டியலில் வழக்கமாக எழுதுவது இந்திய அட்டவணையின் 7319 90 00 என்ற எண்ணை. இந்தியாவில் அந்த எண்ணோடு விஷயம் முடிந்துவிடுகிறது, ஏனென்றால் கைத்தையல் ஊசி, பின்னல் ஊசி, கொக்கி ஊசி எல்லாமே அந்த ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் முடிவதில்லை. சரக்குகளை வகைப்படுத்தும் எச்.எஸ். எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள்தாம் உலக நாடுகளுக்குப் பொதுவானவை. அதன் பிறகு வருபவை அந்தந்த நாட்டின் சொந்தப் பிரிவுகள். எனவே ஏற்றுமதியாளர் எழுதிய எட்டு இலக்கத்தை அமெரிக்கச் சுங்கத் தரகர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முதல் ஆறை மட்டும் சரிபார்த்துவிட்டு, மீதியை அவர்தான் முடிவு செய்தாக வேண்டும்.

முதல் நான்கு இலக்கங்களில் பெரிய தகராறு இல்லை. 7319 என்ற தலைப்பு, இரும்பு அல்லது எஃகால் ஆன, கையால் பயன்படுத்தும் தையல் ஊசிகள், பின்னல் ஊசிகள், நாடா கோக்கும் ஊசிகள், கொக்கி ஊசிகள், பூவேலையில் துளையிடும் குத்தூசிகள், இவற்றைப் போன்ற பொருள்கள் ஆகியவற்றையும், வேறெங்கும் குறிப்பிடப்படாத ஊக்கு, குண்டூசி வகைகளையும் அடக்கியது. எஃகில் செய்து கையால் மணி கோக்கும் ஊசி எதுவாயினும் இதற்குள் வந்துவிடும். தையல் இயந்திர ஊசிக்கு 8452, பின்னல் இயந்திர ஊசிக்கு 8448, அறுவைச் சிகிச்சைத் தையல் ஊசிக்கு 9018 என்று தனி இடங்கள் உள்ளன. அவற்றுக்கும் நம் பொருளுக்கும் சம்பந்தமில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: முறுக்குக் கம்பி ஊசிகள் பித்தளைக் கம்பியிலும் செய்யப்படுவதுண்டு. பித்தளை என்றால் அது எஃகு அத்தியாயத்தை விட்டு வெளியேறி, செம்புப் பொருள்களுக்கான 74-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். பிளாஸ்டிக் ஊசியும் அப்படியே 39-ஆம் அத்தியாயத்துக்குப் போகும். ஆகவே எண்ணைத் தேடுவதற்கு முன் அது என்ன உலோகம் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. வெள்ளை முலாம் பூசியதை வைத்துக் கண்ணால் முடிவு செய்யக் கூடாது.

பாதை பிரியும் இடம் ஆறு இலக்கத்துக்குப் பிறகுதான். அமெரிக்க அட்டவணை 7319.90 என்பதை இரண்டாகப் பிரிக்கிறது. 7319.90.10 என்பது தையல், கிழிசலை நூலோட்டி அடைத்தல், பூவேலை ஆகியவற்றுக்கான ஊசிகள். இதற்கு வழக்கமான வரி கிடையாது. 7319.90.90 என்பது மற்றவை, இதற்கு 2.9 சதவீதம். இந்தப் பிரிவு அமெரிக்கா புதிதாகக் கண்டுபிடித்ததன்று. தையல் ஊசிகளுக்கு 7319.10 என்ற தனித் துணைத்தலைப்பு முன்பு உலகப் பொது எண்ணிலேயே இருந்தது. அது நீக்கப்பட்டபின் சில நாடுகள் அதே வேறுபாட்டைத் தம் சொந்த இலக்கங்களில் வைத்துக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியமும் 7319 90 10, 7319 90 90 என்று அப்படியே பிரித்திருப்பதால், இங்கே சொல்லும் ஆய்வு அங்கே விற்பவர்களுக்கும் ஓரளவு பயன்படும்.

இனி பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மணி ஊசி என்று ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத ஐந்து பொருள்கள். முதலாவது, 10, 11, 12, 13, 15 என்று எண்ணிட்டு வரும் நேரான எஃகு ஊசி. எண் கூடக் கூட ஊசி மெலியும். ஐந்து சென்டிமீட்டர் அளவில் நீண்டு, தடிமன் அரை மில்லிமீட்டருக்குள்ளேயே நிற்கும். சாதாரணத் தையல் ஊசியில் காதுப் பகுதி சற்றுப் புடைத்திருக்கும். இதில் அது உடலைவிடப் பருக்காமல் தட்டையாக, ஒடுங்கி இருக்கும். 15/0 என்ற அளவுள்ள பாசிமணியின் மொத்தக் குறுக்களவே ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதன் துளைக்குள் நூலோடு ஊசி இரண்டு மூன்று முறை நுழைந்து வெளிவர வேண்டும் என்பதால்தான் இந்த அமைப்பு. முனை கூர்மையானது, துணியில் எளிதாக இறங்கும்.

இரண்டாவது, முறுக்குக் கம்பி ஊசி. மெல்லிய கம்பி ஒன்றை நடுவில் மடித்து, இரண்டு காலையும் சேர்த்து முறுக்கிச் செய்வது. மடிப்பில் உண்டாகும் வளையமே அதன் காது. மணிக்குள் இழுக்கும்போது அந்த வளையம் நசுங்கித் தட்டையாகிவிடும், அடுத்த முறை நூல் கோக்க வேண்டுமானால் குண்டூசி முனையால் அதைத் திறந்துவிட வேண்டும். துணியில் குத்தினால் வளைந்து போகும். மூன்றாவது, அகலக் காது ஊசி. மிக மெல்லிய இரண்டு எஃகு இழைகளை இரு முனையிலும் பற்றவைத்து, நடுவில் முழு நீளத்துக்கும் பிளந்து திறக்கும்படி செய்திருப்பார்கள். நூல் கோக்கச் சிரமப்படுபவர்களுக்கு அது வரப்பிரசாதம். இவற்றோடு, மணிகள் நிறைந்த சுழல் கிண்ணத்தில் நுழைத்துச் சரமாக அள்ளும் வளைந்த ஊசியும், நம் ஊரில் ஆரி ஊசி என்று சொல்லும் கைப்பிடி வைத்த கொக்கி ஊசியும் மணி ஊசி என்ற பெயரிலேயே சரக்குப் பட்டியலில் ஏறிவிடுகின்றன.

முதல் வழி, இவை அனைத்தையும் 7319.90.10 என்று அறிவித்து வரியில்லாமல் எடுப்பது. இதற்கு ஆதரவான வாதம் பலவீனமானது அன்று. ஒரு பொருளைப் பெயர் சொல்லி அட்டவணை குறிப்பிட்டால், வேறு கட்டுப்பாடு எதுவும் எழுதப்படாதவரை அப்பெயர் அப்பொருளின் எல்லா வடிவங்களையும் உள்ளடக்கும் என்பது அமெரிக்கச் சுங்க வழக்குகளில் நெடுங்காலமாக நிலைபெற்ற கொள்கை. மெல்லிய தையல் ஊசியும் தையல் ஊசிதான். பூவேலை என்ற பக்கத்திலிருந்தும் ஒரு வலுவான துணை கிடைக்கிறது: 58-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு, 5810 என்ற பூவேலைத் தலைப்பை விளக்கும்போது, துணிமேல் தைத்துப் பொருத்திய சமிக்கி, மணி வேலைப்பாடுகளையும் பூவேலையாகவே கொள்கிறது. மணி தைப்பது பூவேலை என்றால், மணி தைக்கும் ஊசி பூவேலை ஊசி என்று வாதிடுவது இயல்பானது. அந்தக் குறிப்பு 5810-க்கு மட்டுமே எழுதப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது 73-ஆம் அத்தியாயத்தைக் கட்டுப்படுத்தாது, பொருள் கொள்ள உதவும் சான்றாக மட்டுமே நிற்கும்.

இந்த வாதம் நேரான ஊசிக்கு நன்றாகப் பொருந்துகிறது. முறுக்குக் கம்பி ஊசிக்கு வந்தவுடன் உடைந்துவிடுகிறது. தைப்பது என்றால் ஏதோ ஒன்றைத் துளைத்து அதனூடே நூலைக் கொண்டுசெல்வது. துளைக்கவே முடியாத, முனை கூராத, வளைந்துபோகும் கம்பி, ஏற்கெனவே துளையுள்ள மணிக்குள் நூலை வழிநடத்துகிறது. அந்த வேலையில் அது நாடா கோக்கும் ஊசிக்குத்தான் நெருக்கம். நாடா கோக்கும் ஊசியோ 7319 என்ற தலைப்பில் தையல் ஊசியிலிருந்து பிரித்துத் தனிப் பெயரில் வைக்கப்பட்டிருக்கிறது, அமெரிக்கப் பிரிவில் அது ‘மற்றவை’க்குள் விழுகிறது. ஆரி ஊசிக்குக் காதே இல்லை. துணியைத் துளைத்துப் பூவேலை செய்தாலும் அதன் உருவமும் செயலும் கொக்கி ஊசியினுடையவை. ஆரி ஊசி பூவேலைக்கானது என்பதால் அதையும் வரியற்ற பிரிவில் காட்டலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பயன்பாட்டை மட்டும் பார்த்தால் அதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் தலைப்பே ஊசியையும் கொக்கியையும் தனித்தனிப் பெயரில் நிறுத்தியிருக்கும்போது, கொக்கியை ஊசி என்று அறிவிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் 7319.90.90-இல் போட்டு 2.9 சதவீதம் கட்டிவிடுவது. சிறு இறக்குமதியாளர்கள் பலர் இயல்பாகவே இந்தப் பக்கம் சாய்கிறார்கள். 10,000 டாலர் சரக்குக்கு 290 டாலர். அதைக் கட்டினால் நிம்மதி என்பது அவர்கள் கணக்கு. இதில் இரண்டு குறைகள் உள்ளன. சரியான எண்ணைத் தெரிவிக்க நியாயமான கவனம் செலுத்துவது இறக்குமதியாளரின் சட்டக் கடமை. அதிக வரி கட்டிவிட்டேன் என்பது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது. அதைவிட நடைமுறையில் முக்கியமானது அடுத்த குறை. சீனப் பொருள்கள்மேல் 2018 முதல் விதிக்கப்பட்டுவரும் பிரிவு 301 கூடுதல் தீர்வை எட்டு இலக்க எண்களின் பட்டியலாக வெளியாவது. எஃகிலிருந்து செய்த பொருள்களுக்கான பிரிவு 232 தீர்வையும் 2025-இல் பல புதிய எண்களுக்கு விரிக்கப்பட்டது. எந்த எண்ணில் அறிவிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கூடுதல் தீர்வை ஒட்டிக்கொள்ளவோ விலகவோ கூடும் என்னும்போது, 2.9 சதவீதத்தை மட்டும் வைத்து ஒன்றைப் பாதுகாப்பான எண் என்று சொல்வதற்கில்லை. சரக்கு நுழையும் நாளில் அமலில் உள்ள பட்டியலோடு இரண்டு எண்களையும் ஒப்பிட்ட பிறகே எது மலிவு, எது விலையுயர்வு என்பதே தெரியவரும். அப்படித் தெரிந்தபின் மலிவானதைத் தேர்ந்தெடுப்பதும் தவறான வரிசை. எண்ணை முதலில் பொருளை வைத்துத் தீர்மானிக்க வேண்டும், தொகை அதன் விளைவாக வர வேண்டும்.

மூன்றாவது வழி, அமைப்பைப் பார்த்துப் பிரிப்பது. கூர்முனையும் நிலையான காதும் உள்ள நேரான எஃகு ஊசிகள் 7319.90.10-இல், முறுக்குக் கம்பி, அகலக் காது, வளைந்த சுழல் ஊசி, ஆரி ஊசி ஆகியவை 7319.90.90-இல். என் தேர்வு இதுதான். விலைப்பட்டியலில் கூடுதலாக ஒரு வரி எழுத வேண்டியிருக்கும், தரகர் சற்றுக் கூடுதலாகக் கட்டணம் கேட்கவும் கூடும். ஆனால் பிற்காலத்தில் அதிகாரி கேள்வி கேட்டால் ஒவ்வொரு வரிக்கும் பொருளைக் காட்டிப் பதில் சொல்ல முடிகிற ஒரே வழி இது.

அப்படிப் பிரித்தாலும் நேரான ஊசியைப் பற்றி ஒரு நேர்மையான எதிர்வாதம் மிச்சம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அமெரிக்காவில் மணி வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் துணியில் தைப்பவர்கள் அல்லர். நூலும் மணியும் மட்டுமே கொண்டு, துணியே இல்லாமல் மணியோடு மணியைப் பின்னிக் காப்பு, காதணி செய்பவர்கள். பயன்பாட்டைக் கொண்டு தீர்மானிக்கப்படும் வகைகளில், அப்பொருள் வகை இறக்குமதிக் காலத்தில் அமெரிக்காவில் முதன்மையாக எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் கூடுதல் விளக்க விதி சொல்கிறது. தையல் ஊசி என்பதைப் பயன்பாட்டுப் பெயராக ஓர் அதிகாரி எடுத்துக்கொண்டால், துணியில்லாத வேலைக்கு வாங்கப்படும் ஊசி தையல் ஊசியா என்று கேட்க இடமிருக்கிறது. என் கருத்தில், அந்த வேலையிலும் நூலை மீண்டும் மீண்டும் இழுத்து இறுக்கித் தையல் போட்டே துண்டுகள் இணைக்கப்படுகின்றன என்பதும், அதே ஊசியை எடுத்துச் சேலைத் தலைப்பில் மணி தைக்க எதுவும் தடுப்பதில்லை என்பதும், தையல் ஊசியிலிருந்து அது அளவில் மட்டுமே மாறுகிறது என்பதும் எடைத் தட்டைத் தையல் பக்கம் சாய்க்கின்றன. இருந்தாலும் இது என் வாதம்; சுங்கத்துறையின் முடிவு அன்று.

ஆகவே தொடர்ந்து வாங்குபவர்கள் மூன்றாவது வழியோடு ஒரு முன்தீர்ப்பையும், அதாவது சரக்கு வருமுன்பே எந்த எண் என்று சுங்கத்துறை எழுதித் தரும் முடிவையும், சேர்த்துக்கொள்வது நல்லது. நியூயார்க்கில் உள்ள அத்துறையின் தேசியப் பொருள் நிபுணர் பிரிவுக்கு இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை, பெரும்பாலும் 30 நாள்களுக்குள் பதில் வந்துவிடும், வந்த பதில் எல்லாத் துறைமுகங்களையும் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே வந்திறங்கிச் சுங்கத்தின்முன் நிற்கும் சரக்குக்கு இதைக் கேட்க முடியாது, இனி வரப்போகும் சரக்குக்கே கேட்கலாம். பழைய தீர்ப்புகளை அத்துறையின் பொதுத் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம், ஆனால் மணி ஊசி என்ற பெயர் பொருந்துவதை மட்டும் வைத்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அதில் வருணிக்கப்பட்ட ஊசிக்கு முனையும் காதும் நம் ஊசிக்கு இருப்பதுபோல் உள்ளனவா என்று படித்துப் பார்க்க வேண்டும். தீர்ப்பு ஒன்றை வாங்கிவிட்டால் அது பாதகமாக இருந்தாலும் அதன்படியே நடக்க வேண்டும் என்பதால், எப்போதாவது ஒருமுறை நூறு டாலருக்கு வாங்குபவருக்கு இந்த முயற்சி தேவைப்படாது. அவர் பிரித்து அறிவித்தாலே போதும்.

ஊசி தனியாக வராமல் தொகுப்பாக வரும்போது கணக்கு முற்றிலும் மாறும். பாசிமணி, நூல், இரண்டு ஊசி ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்துச் சில்லறை விற்பனைக்கான தொகுப்பாக விற்றால், எண்ணைத் தேர்வதற்கான பொது விளக்க விதி 3(ஆ)-வின்படி தொகுப்புக்கு அதன் அடிப்படைத் தன்மையைத் தரும் பொருளே முழுப் பெட்டியின் எண்ணையும் தீர்மானிக்கும். கண்ணாடி மணிகள் நிறைந்த பெட்டியில் அது பெரும்பாலும் கண்ணாடி மணிகளுக்கான 7018.10-ஐ நோக்கியே போகும், ஊசியைப் பற்றி மேலே செய்த விவாதம் அங்கே தேவைப்படாது. குழந்தைகளுக்கான விளையாட்டுத் தொகுப்பாக அமைத்தால் விளையாட்டுப் பொருள்களுக்கான 9503-ஐயும் பார்க்க வேண்டும். கத்தரி, பொத்தான், ஊசி, நூல் அடங்கிய பயணத் தையல் பெட்டிக்கு 9605 என்ற தனித் தலைப்பு இருக்கிறது, அதற்கு வரி 8.1 சதவீதம். மணி ஊசியோடு சின்னக் கத்தரியையும் சேர்த்துப் பயணப் பெட்டி என்று அட்டையில் அச்சிட நினைப்பவர்கள், அந்த அச்சு என்ன செலவைக் கொண்டுவரும் என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பிறப்பிட நாடு என்ற இன்னொரு பக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிச், ஜப்பானின் ஹிரோஷிமா, நம் கேத்தி என்று ஊசித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள் பல இருந்தாலும், அட்டையில் உள்ள ஊர்ப்பெயர் ஊசி செய்யப்பட்ட ஊர் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஓரிடத்தில் செய்த ஊசியை வேறு நாட்டில் வாங்கி, அட்டையில் குத்திப் பொட்டலமிடுவதால் பிறப்பிடம் மாறாது. கூடுதல் தீர்வைகள் பெருமளவு பிறப்பிடத்தைப் பொறுத்தே அமைவதால், எட்டு இலக்க எண்ணைவிட இந்த ஒரு தகவல் அதிகப் பணத்தைத் தீர்மானிக்கக் கூடும்.

தவறு நேர்ந்தால் திருத்த வழி உண்டு. சுங்கத்துறை அந்தச் சரக்கின் வரிக் கணக்கை இறுதி செய்வதற்கு முன் குறித்த காலத்துக்குள் திருத்தம் அனுப்பலாம். இறுதி செய்யப்பட்டபின் 180 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கூடுதலாகக் கட்டியவர் திரும்பப் பெறுவதும் இந்த வழிகளில்தான். குறைத்துக் கட்டியது கவனக்குறைவால் என்று முடிவானால், இழந்த வரியைப் போல் இரு மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. கடும் கவனக்குறைவு என்றால் நான்கு மடங்கு வரை. ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

விலைப்பட்டியலில் ‘மணி ஊசி, 500 பாக்கெட்’ என்று மட்டும் எழுதி அனுப்புவதுதான் இத்தனை சிக்கலுக்கும் தொடக்கம். ‘எஃகு, நிக்கல் முலாம், நேரான கூர்முனை, நிலையான காது, எண் 12, கைத்தையலுக்கு, பிறப்பிடம் இந்தியா’ என்று ஒரு வரியும், ‘எஃகுக் கம்பி, முறுக்கியது, நசுங்கும் வளையக் காது, முனை கூராதது, மணி கோப்பதற்கு, பிறப்பிடம் இந்தியா’ என்று இன்னொரு வரியும் தனித்தனி விலையோடு எழுதினால், தரகர் எண்ணை ஊகிக்க வேண்டியதில்லை. முன்தீர்ப்புக் கேட்பவர்கள் இதே வருணனையோடு ஒவ்வொரு வகையிலும் ஒரு மாதிரியையும், காதுப் பகுதியைப் பெரிதாக்கி எடுத்த படத்தையும், அட்டையின் இரு பக்கங்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நேரான ஊசிக்கும் முறுக்குக் கம்பி ஊசிக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாகக் கேட்டுவிடுவது நல்லது.